வலிப்பைத் திருப்பிக் கேட்டவர்

மாத்திரை எத்தனை மில்லிகிராம், ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்க வேண்டும், ஸ்கேனில் எந்த மூலையில் வெள்ளையாகத் தெரிந்தால் என்ன அர்த்தம், இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. திருப்பதியில் வலிப்பு நோய்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். என்ன எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன வாரம் உங்கள் வார்டு பக்கம் வந்தபோது உங்களில் ஒருவர் (பெயர் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்) இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது. “அவருக்கு ஃபிட்ஸ் சுத்தமா நின்னுடுச்சு. மனசு சரியில்லைங்கிறார். அது நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல.”

எனக்குச் சுருக்கென்றது. ஓய்வு பெற்றவள் வார்டில் நின்று கத்தினால் நன்றாக இருக்காது என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து காபி குடித்தும் ஆறவில்லை. ஆகவே நகரி முனிரத்தினத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பொறுமையாகப் படியுங்கள்.

அப்போது நான் சித்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர். ஆந்திரா தனி மாநிலமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மெட்ராஸ் யாருக்கு என்பது தீர்ந்துவிட்டது. திருத்தணி யாருக்கு, நகரி யாருக்கு, புத்தூர் யாருக்கு என்பது இன்னும் தீரவில்லை. என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் மெட்ராஸ் பக்கமே வேலை வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் வீடு புத்தூரில். நானும் எழுதிக் கொடுக்கட்டுமா என்று என் அப்பாவை, நைனாவை, கேட்டேன். “ஊரு எந்தப் பக்கம் போவுதுன்னு அவங்களுக்கே தெரியல. நீ இன்னாத்துக்கு முந்திக்கினு ஓடறே? குந்து இங்கியே” என்றார். உட்கார்ந்தேன். ஓய்வு பெறும்வரை எழுந்திருக்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரியை நினைத்தால் இப்போதும் மனசு இளகிவிடுகிறது. வெல்ல மண்டிப் பக்கமிருந்து காற்று அடித்தால் ஃபினாயிலையும் மீறி வெல்ல வாசனை வரும். நோயாளி தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார், நாங்களும் அப்படியே பதில் சொல்வோம், யாருக்கும் அது வினோதமாகத் தெரியாது. எங்கள் தலைமை மருத்துவர் கடப்பைக்காரர். பெரிய டாக்டர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். மகா கண்டிப்பு. ஆனால் மத்தியானம் அவருடைய கேரியரைத் திறந்தால் எங்கள் எல்லோர் தட்டிலும் ஒரு கரண்டி கோங்குரா, நம் புளிச்சக்கீரைத் துவையல், விழும். வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். அந்தக் காலத்தில் மருந்துக்குத்தான் பஞ்சம். முன்பெல்லாம் மெட்ராஸிலிருந்து வந்துகொண்டிருந்தது. பிரிந்த பிறகு புதுத் தலைநகரான கர்நூலுக்கு எழுதிக் கேட்க வேண்டும், வந்தபோது வரும்.

சனிக்கிழமை வலிப்புக்காரர்களின் நாள். குடிபாலாவிலிருந்தும் நாகலாபுரத்திலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பெரிய டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். தமிழருக்கு “வந்துச்சா?” தெலுங்கருக்கு “வச்சிந்தா?” வரவில்லை என்றால் அதே மாத்திரை. வந்தது என்றால் கொஞ்சம் கூட்டி. வரிசை மளமளவென்று நகரும். அவரைக் குறை சொல்லாதீர்கள். வலிப்பு என்றால் சூடு போடுவதும் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதுமாக இருந்த ஜனங்களை வாராவாரம் மாத்திரைக்கு வரிசையில் உட்காரவைத்தவர் அவர்தான்.

முனிரத்தினம் அந்த வரிசைக்கு வந்த காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் முதலில் பாவைச் சொல்ல வேண்டும். உங்களில் பலர் பட்டணத்துப் பிள்ளைகள். நெசவுத் தெருவில், தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நீளவாட்டு நூலைத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுவதற்குள் வாரி உலர்த்துவார்கள். அதுதான் பாவு. ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற காரியம் இல்லை. இன்று என் பாவுக்கு நீ வந்து நிற்க வேண்டும், நாளை உன் பாவுக்கு நான் வந்து நிற்பேன். தெருவின் ஊர்க்கதை, சண்டை, சம்பந்தம் பேசுவது எல்லாம் அந்த விடிகாலையில் பாவின் இரண்டு பக்கமும் நின்றுதான் நடக்கும். பாவில் இடமில்லாதவனுக்குத் தெருவிலும் இடமில்லை.

முனிரத்தினத்துக்குச் சின்ன வயதிலிருந்தே எப்போதாவது வலிப்பு உண்டு. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் பிறந்த பிறகு, ஒரு நாள் வேறொருவருடைய பாவின் நடுவில் நிற்கும்போது வந்துவிட்டது. கஞ்சி ஈரத்தோடு இருந்த நூலின் மேலேயே விழுந்து, புரண்டு, பாவு முழுவதும் சிக்குப் பிடித்து நாசம். அன்றிலிருந்து அவரை யாரும் பாவுக்குக் கூப்பிடவில்லை. வலிப்புக்காரன் கை பட்டால் இழை அறுந்துகொண்டே இருக்கும் என்று ஒரு பேச்சும் கிளம்பிவிட்டது. அவருடைய மனைவி சரோஜா, கெட்டிக்காரி, யாரையும் கேட்காமல் அவரைச் சித்தூருக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவருக்கும் சொன்னேன். நெருப்புப் பக்கம் போகாதே, கிணற்றை எட்டிப் பார்க்காதே, சைக்கிள் விடாதே, தறிக்குழியில் தனியாக இறங்காதே. பீனோபார்பிட்டோன் மாத்திரையை ஆரம்பித்தோம். நன்றாகக் கேட்டது. ஒரு சில மாதத்தில் வலிப்பு அடியோடு நின்றது. குடும்பமே திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, மலையிலிருந்து நேராக எங்கள் வரிசைக்கு வந்தார்கள். அவர், மாமனார், கைக்குழந்தை, மூன்று தலையும் சந்தனத்தில் பளபளத்தன. பெரிய டாக்டர் லட்டை உடைத்து எங்கள் எல்லோருக்கும் கொடுத்து, குழந்தையின் மொட்டைத் தலையில் தட்டிக் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. அந்தச் சனிக்கிழமையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அதற்குப் பிறகு முனிரத்தினம் சனிக்கிழமை தவறாமல் வருவார். “வந்துச்சா?” “வரல.” மாத்திரையை வாங்கிக்கொண்டு போவார். ஒரு தடவை வரிசை முடிந்த பிறகு சரோஜா என்னைத் தனியாகப் பிடித்தாள்.

“அம்மா, வலிப்பு வரல. அது நெசம். ஆனா மனுசன் பேசறதே இல்ல. துன்றதில்ல. செவுத்தப் பாத்துக்கினு குந்திக்கினு கீறாரு. கொழந்த மடியில ஏறினா எறக்கி வுட்டுடறாரு. முன்னெல்லாம் கொழம்புல உப்பு கம்மின்னா தெருவே கேக்கற மாதிரி கத்துவாரு. இப்போ உப்பே போடாம வச்சேம்மா, வேணும்னே. கம்முனு துன்னுட்டு எழுந்து பூட்டாரு.”

பெரிய டாக்டரிடம் சொன்னேன். “மாத்திரை மயக்கம். பழகிடும். ஃபிட்ஸ் ஆகிந்தி கதா, சாலு” என்றார். நின்றுவிட்டதல்லவா, போதும் என்று அர்த்தம். முனிரத்தினத்தைக் கேட்டேன். “நல்லா கீறேம்மா” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. அதற்குமேல் எப்படிக் கேட்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அந்தக் காலத்து வைத்திய நம்பிக்கை ஒன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வலிப்பும் மனநோயும் ஒன்றுக்கொன்று ஆகாதவை, ஒன்று இருக்கிற இடத்தில் இன்னொன்று இருக்காது என்று பெரிய பெரிய டாக்டர்களே நம்பினார்கள். மனம் உடைந்து கிடக்கிறவர்களுக்குத் தலையில் மின்சாரம் வைத்து வலிப்பை வரவழைத்ததற்கு ஆரம்பத்தில் அந்த எண்ணமும் ஒரு காரணம். சிகிச்சை பலருக்குப் பலித்தது, ஆனால் அந்த எண்ணம் தப்பு. வலிப்புக்காரர்களுக்குத்தான் மனச்சோர்வு அதிகம் வருகிறது, மனச்சோர்வு உள்ளவர்களுக்கு வலிப்பு வருவதும் மற்றவர்களைவிட அதிகம் என்று இன்று உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கே தெரியாதபோது நகரித் தறிக்காரர் ஒருவருக்கு எப்படித் தெரியும்?

முனிரத்தினத்தின் பக்கத்துத் தெருவில் ஒரு வாத்தியார் இருந்தார். ரொம்ப நாள் பேச்சில்லாமல் கிடந்தவரை மெட்ராஸுக்குக் கூட்டிப்போய்க் கரண்ட் வைத்துக் கூட்டி வந்தார்கள். தெளிந்துவிட்டார். மறுபடியும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டார். வலிப்பு வரவழைத்ததைக் கண்ணால் பார்த்த அவருடைய மச்சான் அதை ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். முனிரத்தினம் காதிலும் விழுந்தது. செவுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர் அன்றிலிருந்து ஒரு கணக்குப் போட ஆரம்பித்தார். அந்தக் கணக்கு எங்கள் யாருக்கும் தெரியாது.

எல்லைச் சண்டை உச்சத்தில் இருந்த நேரம். அன்று புத்தூரிலும் நகரியிலும் கடையடைப்பு, ரயில் மறியல், பஸ் கிடையாது. பெரிய டாக்டர் திருப்பதிக்குப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். மத்தியானம் ஒரு வெல்ல லாரி நேராக ஆஸ்பத்திரிக்குள் வந்து நின்றது. மூட்டைகளின் மேல் முனிரத்தினம், அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு சரோஜா. லாரிக்காரர் கெட்டிக்காரர். இரண்டு கட்சிக் கொடியையும் வைத்துக்கொண்டு, மறிக்கிறவர்களின் பேச்சு தமிழா தெலுங்கா என்று பார்த்துக் கொடியை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் மட்டும் நியாயம் பேசிக்கொண்டு ஓரிடத்தில் நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

வலிப்பு நின்று நின்று வந்துகொண்டிருந்தது. நடுவில் நினைவு திரும்பவே இல்லை. அந்த நிலைமை உங்களுக்குத் தெரியும், நான் வர்ணிக்க வேண்டாம். என்னிடம் இருந்தது பாரால்டிஹைடும் பீனோபார்பிட்டோன் ஊசியும்தான். இங்கேதான் நான் தனியாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. அவர் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தும் இப்படி வந்தது என்றால் மூளையில் வேறு ஏதோ நடக்கிறது. அதன்மேல் நான் அதே மருந்தை ஊசியாக ஏற்றினால் மூச்சு நின்றுபோகும். மாத்திரையை நிறுத்தியதால் வந்தது என்றால், தயங்குகிற ஒவ்வொரு நிமிஷமும் அவரைக் கொன்றுகொண்டிருக்கிறேன்.

“மாத்திர துன்னாரா?” என்று கேட்டேன்.

“தெனமும் நாந்தாம்மா கையில குடுப்பேன். என் கண்ணு முன்னாடி வாய்ல போட்டுப்பாரு. என் கொழந்த மேல சத்தியம்” என்றாள்.

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அவள் கண்ணையே பார்த்தேன். பிறகு வேறு மாதிரி கேட்டேன். “இந்த வாரம் எப்டி இருந்தாரு? தூங்கினாரா?”

“தூக்கமே இல்லம்மா. ஆனா தெளிவா இருந்தாரு. கையிதான் லேசா ஆடிக்கினு இருந்துச்சி.”

மாத்திரை சாப்பிடுகிறவர் தூங்கி வழிவார். தூக்கம் போய், கை நடுங்கி, தெளிவாகவும் இருந்தார் என்றால் மருந்து உடம்பில் இல்லை. மனைவி சத்தியம் செய்வதை ஒதுக்கிவிட்டு, பாரால்டிஹைடோடு பீனோபார்பிட்டோன் ஊசியையும் போட்டேன். அவர் மார்பையே பார்த்துக்கொண்டு நின்றேன், மூச்சு இறங்குகிறதா ஏறுகிறதா என்று. வலிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. மூச்சு நிற்கவில்லை. வார்டு முழுக்க பாரால்டிஹைட் நாற்றம். நீங்கள் அதை முகர்ந்திருக்க மாட்டீர்கள், அதிர்ஷ்டசாலிகள். எனக்கு அன்று அது நறுமணமாக இருந்தது.

இது வரைக்கும் உங்கள் டிபார்ட்மெண்ட். இதற்குப் பிறகுதான் கதையே.

முனிரத்தினம் கண் விழித்து, மயக்கம் முழுக்கத் தெளிந்ததும் வேறு ஆளாக இருந்தார். இட்லி கேட்டார். பக்கத்துக் கட்டில்காரரைக் கிண்டல் செய்தார். சரோஜா வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனதும் அவரே சொல்லிவிட்டார்.

“அவ மேல தப்பில்லம்மா. வாய்ல போட்டுக்குவேன், அவ அந்தாண்ட போனதும் துப்பிடுவேன். வாத்தியாருக்கு வலிப்பு வரவச்சிதான மனசு சரியாச்சி? எனக்கு சாமியே குடுத்த வலிப்ப நீங்க நிறுத்திட்டீங்க. அதான் மனசு இருண்டு போச்சி. இப்ப பாருங்க, எவ்ளோ லேசா கீது! எனக்கு மாத்திர வாணாம்மா. என் வலிப்ப எனக்கே குடுத்துடுங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கையெடுத்துக் கும்பிட்டார்.

சரோஜா என்னை வெளியே இழுத்துக்கொண்டு போய் அழுதாள். “நான் இன்னா பண்ணட்டும்மா? மாத்திர துன்னா உசிரோட இருப்பாரு, ஆனா பொணம் மாதிரி இருப்பாரு. துன்னாட்டி இந்த மனுசன் எனக்குத் திரும்பக் கெடைக்கறாரு, ஆனா எந்த நேரத்துல பூடுவாரோ. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க.”

பெரிய டாக்டர் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “வலிப்பை நிறுத்துங்கன்னு என் காலில் விழுந்தவங்க எத்தனையோ பேர். திருப்பிக் கொடுன்னு ஒருத்தனும் கேட்டதில்லம்மா” என்றார். பிறகு சொன்னார்: “அவன் சொல்றதுல பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி சரின்னு கேட்டுட்டு வா. அவன் இப்போ பேசற நிலைமையில இருக்கான். இது எத்தனை நாளைக்கு இருக்கும்னு தெரியாது.” எனக்கு அவரிடம் கிடைத்த பாடங்களில் இதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். அவர் தன் தீர்ப்பைச் சொல்லவில்லை, நோயாளியிடமே அனுப்பி வைத்தார்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சனிக்கிழமை வரிசையில் நாங்கள் யாரும் உட்கார்ந்து பேசியதில்லை. முதலில் நேராகவே கேட்டேன், செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றியதா என்று. கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று நீங்கள் பயப்படுவீர்கள். நானும் பயந்தேன். கேட்டதும் அவருடைய சிரிப்பு போய்விட்டது. “தோணுச்சும்மா. பல தடவ. யாரும் கேக்கல” என்று சொல்லி அழுதார். அழுது முடிக்கும்வரை இருந்தேன். அதற்குப் பிறகுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது.

வலிப்பு நின்றதும் அவர் முதலில் செய்த காரியம், விடிகாலையில் எழுந்து தெருப் பாவுக்குப் போனது. இனிமேல் தடை இல்லை என்ற சந்தோஷத்தோடு போயிருக்கிறார். “குந்திக்கோ ராசா, உனக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்? டாக்டரம்மாவே வாணாம்னு சொல்லிக் கீறாங்களாமே” என்று அன்பாகவே ஒதுக்கிவிட்டார்கள்.

“வலிப்பு இருந்தப்போ, வலிப்பு கீதுன்னு வாணாம்னாங்க. சரி, ஞாயந்தான். அது போனப்புறமும் வாணாம்னா இன்னா அர்த்தம்மா? அப்போ அவங்க வாணாங்கறது வலிப்ப இல்ல. என்னத்தான்.”

ஒரு மனிதரின் மனம் இருண்டதற்கு அந்த நோயும் ஒரு காரணமாக இருந்திருக்கும், நான் கொடுத்த மாத்திரையும் ஒரு காரணமாக இருந்திருக்கும், அந்தத் தெருவும் ஒரு காரணம். எது எவ்வளவு என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியாது. தெரியாதபோது மூன்றையும்தான் தொட வேண்டும். உங்கள் டிபார்ட்மெண்ட் எதுவரைக்கும் என்று கேட்பீர்களானால், இதுவரைக்கும்.

அவரோடு ஒரு பேரம் பேசினேன். வலிப்பால் வந்த அந்த லேசு நிலைக்காது, அடுத்த தடவை லாரி வந்து சேராது என்று சொன்னேன். மயக்கம் தராத வேறு மாத்திரை மெட்ராஸில் இருக்கிறது, என்னோடு படித்தவள் அங்கே இருக்கிறாள், எப்படியாவது வரவழைக்கிறேன், பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் புதியதைக் கொடுக்கிறேன். மனசு இருட்டினால் சனிக்கிழமைவரை காத்திருக்காமல் எந்தக் கிழமையானாலும் என்னிடம் வர வேண்டும். துப்பக் கூடாது. பதிலுக்கு நான் நகரிக்கு வந்து தெருவில் பேசுகிறேன். “நீங்க வருவீங்களா?” என்று நம்பாமல் கேட்டார். வருவேன் என்றேன்.

மருந்து வந்தது. எல்லை எங்கே போடுவது என்று இரண்டு ராஜ்ஜியமும் அடித்துக்கொண்டிருந்தபோது என் சிநேகிதி யார் யார் கையிலோ கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தாள். அவளை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. மருந்து மாறிய பிறகு முனிரத்தினத்தின் தூக்கக் கலக்கம் போனது, ஆனால் முகம் முழுக்கத் தெளியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரிக்குப் போய்த் தெருவின் பெரியதனக்காரர் வீட்டில் உட்கார்ந்தேன். சுற்றிலும் கூட்டம்.

“நீங்கதானம்மா வாணாம்னீங்க?” என்றார் பெரியவர், மரியாதையாகவே.

“தனியா வேலை செய்ய வேணாம்னு சொன்னேன். பாவுல அவரு எங்க தனியா நிக்கறாரு? இந்தப் பக்கம் ஒரு ஆளு, அந்தப் பக்கம் ஒரு ஆளு. நெருப்பில்ல, கெணறில்ல. அவருக்கு அதவிட பத்திரமான எடம் உங்க தெருவுல எது?”

கூட்டத்தில் சலசலப்பு. “நடுவுல வந்துட்டா நூலு இன்னா ஆவறது?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், அடுத்த வேளைச் சோறு அந்த நூலில்தான் இருக்கிறது. வரவே வராது என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. புது மருந்து, அளவு இன்னும் பிடிபடவில்லை. “வரலாம். வந்தா ரெண்டு பக்கமும் நிக்கறவங்க புடிச்சிக்கணும். ஒருத்தர் அவர, ஒருத்தர் நூல” என்றேன். பெரியவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். “சரி. மொத நாளு நீங்க வந்து நில்லுங்க. நாங்க சேத்துக்கறோம்.”

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பிற்பாடும் அவருக்கு இருட்டுக் காலங்கள் வந்து போயின. கிழமை பார்க்காமல் வந்து என் மேசை முன்னால் உட்காருவார், பேசுவார், போவார். எல்லைக்கோடு போட்டு முடித்து, திருத்தணி அந்தப் பக்கமும் நகரி இந்தப் பக்கமும் ஆன பிறகும் வந்துகொண்டிருந்தார். அந்த முதல் நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

விடிந்தும் விடியாத நேரம். தெருச் சுவர்களில் இரண்டு மொழியிலும் எல்லைக் கோஷங்கள், அவற்றின் முன்னால் தெரு நீளத்துக்கும் வெள்ளைப் பாவு. கஞ்சி வாசனை. நான் பையோடு ஓரமாக நின்றேன். முனிரத்தினம் நடுவில், இரண்டு பக்கமும் ஆள். யாரும் அவரோடு பேசவில்லை, அவரும் பேசவில்லை. எல்லோர் கண்ணும் நூலில் பாதி, அவர்மேல் பாதி. பாதி பாவு உலர்ந்துகொண்டு வந்தது. வராது, வராது என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வந்தது. அவர் தோள் வெட்டி இழுத்ததைப் பார்த்ததும் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் இடது பக்கத்து ஆள் அவரை இடுப்போடு அணைத்துப் பின்பக்கமாகத் தரையில் கிடத்திவிட்டார். வலது பக்கத்து ஆள் அவர் இடத்துக்கு நகர்ந்து இழைகளைப் பிடித்துக்கொண்டார். பாவு ஒரு தடவை தொய்ந்தது, விழவில்லை. வலிப்பு சிறியதுதான், சீக்கிரம் முடிந்தது. பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பேரம் இன்றோடு முடிந்தது, இந்த மனிதரை இனி எந்த மாத்திரையாலும் காப்பாற்ற முடியாது என்று எனக்குத் தோன்றியது.

முனிரத்தினம் எழுந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் விழித்தார். சரோஜா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். பிறகு நிமிர்ந்து பாவைப் பார்த்தார். தன் இடத்தில் நின்றவரைப் பார்த்தார்.

“டேய், இன்னாடா இது? இழைய இப்டியா புடிப்பாங்க? அந்தாண்ட பாரு, கஞ்சி காஞ்சிக்கினு கீது, வேடிக்க பாத்துக்கினு நிக்கறானுங்க. எல்லாம் வேலைக்கி வந்தீங்களா, கண்ணாலத்துக்கு வந்தீங்களா? நவுறு, நவுறுடா, அது என் எடம்!”

இடத்தில் நின்றவர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் தலையசைத்தார். அவர் நகர்ந்துகொண்டார். முனிரத்தினம் தள்ளாடிக்கொண்டே போய் நின்று, இழைகளைக் கையில் எடுத்து, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் எல்லோரையும் ஏச ஆரம்பித்தார். எதிரில் இருந்தவர் பதிலுக்கு ஏசினார். தெரு மறுபடியும் சத்தமாகிவிட்டது.

சரோஜா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் முழுக்கக் கண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு.

“அம்மா, திட்டறாரும்மா. கேளுங்களேன், எப்டித் திட்டறாரு!”